மூணு கொட்டை எடுத்துக் கொடு

எல்.கே.ஜி. வகுப்பின் வாரத் திட்டத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. திங்கள் எண்ணுதல், செவ்வாய் களிமண், புதன் எழுத்து, வியாழன் மறுபடி எண்ணுதல், வெள்ளி கதை. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அம்மா, "இன்னிக்கு என்னடா படிச்சே?" என்று கேட்டால் "விளையாடினோம்" என்றுதான் பதில் வரும்.

திங்கள்கிழமை விளையாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டீச்சர் பாயில் புளியங்கொட்டைகளைக் கொட்டுகிறார். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் ஒன்றிலிருந்து பத்து வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறான். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுத் தொட்டும் எண்ணுகிறான். "சரி கண்ணா, மூணு கொட்டை எடுத்து மிஸ்கிட்ட கொடு." கை நிறைய அள்ளி நீட்டுகிறான்.

இது குறும்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் கேரன் வின், 1990-லும் 1992-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதே மாதிரிதான் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். முதலில் பிள்ளைக்கு 'ஒன்று' மட்டுமே புரிகிறது. ஒன்று கேட்டால் ஒன்று கொடுக்கும். வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு கைப்பிடி. சில மாதம் கழித்து 'இரண்டு' புரிகிறது. இன்னும் சில மாதம் போய் 'மூன்று'. இப்படியே பத்து வரை ஒவ்வொன்றாகப் போகும் என்று நினைத்தால், அப்படிப் போவதில்லை. மூன்றையோ நான்கையோ தாண்டியதும், எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தத்தின் அளவு என்பது பிடிபட்டுவிடுகிறது. அதன்பின் ஐந்து, ஆறு, ஏழு எதைக் கேட்டாலும் எண்ணி எடுத்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் இது நடப்பது மூன்றரை, நான்கு வயதில்.

இதற்கு ஏன் இத்தனை மாதம்? புளியங்கொட்டை பழுப்பு நிறம் என்பதைக் கொட்டையைக் காட்டியே சொல்லிக்கொடுத்துவிடலாம். 'மூன்று' எந்தக் கொட்டையிலும் இல்லை. மூன்றாவதாகத் தொட்ட கொட்டையை முதலில் தொட்டால் அதுவே 'ஒன்று' ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அர்த்தம் தெரியாமல் பாடிக்கொண்டிருந்த வரிசையோடு பிள்ளை தானே இணைத்துக்கொள்ள வேண்டும். பத்து வரை சொல்கிறானே, நூறு வரை மனப்பாடம் செய்ய வை என்று அவசரப்படும் பெற்றோர், பாட்டைத்தான் நீளமாக்குகிறார்கள்.

வியாழக்கிழமையும் அதே கொட்டைகள்தான். இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்கிறது. டீச்சர் ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டிவைத்து, "இப்ப எதுல நிறைய இருக்கு?" என்கிறார். நீண்ட வரிசையைக் காட்டுகிறது பிள்ளை. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே புகழ்பெறச் செய்த சோதனை இது. இடம் மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்ற எண்ணம் இந்த வயதில் இன்னும் வரவில்லை என்பது அவர் முடிவு.

1974-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை 'தப்பி' வந்து கலைத்துவிட்டது. இப்போது நிறையப் பிள்ளைகள் "ரெண்டும் சமம்" என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கரடியின் கூத்தில் பிள்ளைகள் மாற்றத்தையே கவனிக்கவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கம் நம்பும்படி இருக்கிறது. "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றதும் சரியான பதிலை மாற்றிக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்?

செவ்வாயின் களிமண்ணைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. பெரியவர் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பு தெரிய ஒன்பது வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கைக்கு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து களிமண்ணைக் கிள்ளுவதும் உருட்டுவதும் பென்சிலுக்கு முந்தைய பாடம். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுத வைக்கிறோமே, அதற்குப் பிடிமானமே தேவையில்லை.

புதன்கிழமை நோட்டில் 3-ம் 7-ம் திரும்பி நிற்கும். அதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் அதிகம். ஆனால் இந்த வயதில் அது சகஜம். டம்ளரை இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் டம்ளர்தான். அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாதான். பிறந்ததிலிருந்து மூளை பழகியது இது. திடீரென்று, திருப்பினால் தப்பு என்ற புது விதியோடு எழுத்து வந்து நிற்கிறது. பழகிய ஒன்றை எழுத்துக்கு மட்டும் மறக்க வேண்டும். அதிலும் 3, 7 போல இடப்பக்கம் பார்க்கும் வடிவங்களைத்தான் பிள்ளைகள் அதிகம் திருப்பி எழுதுகிறார்கள் என்று பிரான்சின் ழான்-பால் ஃபிஷர் கண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காக்கா, நரி, வடை. "நீ அழகா பாடுவியாமே" என்று நரி கேட்கும்போதே சில பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சின்னதுகள் சிரிக்காது, நரிக்குப் பாட்டுப் பிடிக்கும் போலிருக்கிறது என்று உட்கார்ந்திருக்கும். காக்காவுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பது புரிந்தால்தான் சிரிப்பு வரும். 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் இருவரும் மாக்ஸி என்ற பையனின் கதையை வைத்து இதைச் சோதித்தார்கள். அவன் நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சை என்றார்கள். பெரிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நீலம் என்றார்கள்.

அடுத்தவர் மனதில் தப்பான எண்ணம் இருக்க முடியும் என்று தெரிந்த பிள்ளை, அதை உண்டாக்கவும் முடியும் என்று கண்டுபிடிக்கும். "பொய் சொல்லக் கத்துக்கிட்டான் மிஸ்" என்று அம்மாக்கள் புகார் சொல்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். ஆனால் அரைகுறைப் பொய். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்தார்கள். நிறையப் பிள்ளைகள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் "பார்க்கலை" என்றார்கள். அப்படியானால் அது என்ன பொம்மை என்று கேட்டதும், சின்னப் பிள்ளைகள் பொம்மையின் பெயரைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். தெரியாத மாதிரி நடிக்கும் சாமர்த்தியம் ஆறேழு வயதில்தான் எட்டிப்பார்க்கிறது. அது ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பாடு.