உங்களுக்குத் தெரியுமா? கடனைத் தோண்டிய கலகக்காரர்
முதலில் பண்டமாற்று, பிறகு நாணயம், கடைசியில் கடன். பாடப்புத்தகங்கள் ஒப்பிக்கும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் கிரேபர் (1961-2020). நாணயம் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மெசபடோமியாவின் களிமண் பலகைகளில் கடன் கணக்கு ஏறிவிட்டது என்று 'கடன்: முதல் 5,000 ஆண்டுகள்' நூலில் வாதிட்டார்.

அந்த நூல் வந்த 2011-இல்தான் நியூயார்க்கில் 'வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்று' போராட்டம் வெடித்தது. அதன் தொடக்கக் கூட்டங்களிலேயே கிரேபர் இருந்தார். ஆனால் பலர் சூட்டிய 'அரசின்மைவாத மானுடவியலாளர்' என்ற பட்டம் மட்டும் அவருக்குப் பிடிக்காது. அரசின்மைவாதம் செய்து காட்ட வேண்டியதாம், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்வதல்லவாம்!

கிரேபரின் தாய் ஆயத்த ஆடைத் தொழிலாளி. தந்தை ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குக் குடியரசுத் தரப்புக்காகப் போனவர். மகன் கள ஆய்வுக்குப் போனது மடகாஸ்கருக்கு.

அவர் பணியாற்றிய யேல் பல்கலைக்கழகம் 2005-இல் அவரது பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பிறகு லண்டனில் பேராசிரியரானார். தொல்லியலாளர் டேவிட் வென்குரோவுடன் சேர்ந்து எழுதிய பெருநூல், கிரேபர் இறந்த மறு ஆண்டு வெளியானது.