சில்லறை போட்ட தாளம்

கல்லாப்பெட்டி சத்தத்தை வைத்துத் தாளம் போட முடியுமா? பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவினர் போட்டார்களே!

1973-இல் வந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'மணி' என்று ஒரு பாட்டு. சில்லறை விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது... ஒவ்வொரு சத்தத்தையும் ஒலிநாடாவில் பதிந்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டார்கள். எல்லாம் கைவேலை! சில்லறையை எதில் போட்டுப் பதிந்தார்கள் தெரியுமா? குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டக் கலைஞர். அவர் களிமண் பிசையும் பாத்திரத்தில்தான்!

ஆல்பத்துக்கு முப்பது வயதானபோது, ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி மூல நாடாக்களை எடுத்து, அறையைச் சுற்றி வைக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஏற்றபடி புதிதாக ஒலிக்கலவை செய்தார். அதில் அந்தச் சத்தங்கள் மூலைக்கு மூலை தாவி, நம்மைச் சுற்றியே ஓடும். ஐம்பதாம் ஆண்டையொட்டி, 2023-இல் ஆல்பத்தை மறுபடியும் மெருகேற்றி வெளியிட்டார்கள். இந்த மாதிரி ராக் இசை பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை, 'மணி' பாட்டின் முதல் சில நொடிகளை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். அவ்வளவு அருமையான வேலை அது!