கிழக்குக் கரையின் இரண்டு விமர்சகர்கள்

சென்னையில் சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' இதழுக்கு 1960இல் திருகோணமலையிலிருந்து ஓர் இளைஞர் எழுதத் தொடங்கினார். வயது இருபதைச் சுற்றி. பெயர் தருமு சிவராமு. பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்டவர் அவர்தான். கவிதையோடு நிற்காமல், தமிழகத்தின் புதுக்கவிதையை எடைபோட்டும் எழுதினார். துறைமுகப் பட்டினத்துப் பையன் சென்னை எழுத்தாளர்களுக்குத் தீர்ப்புச் சொன்னான். அவர்களும் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

அதே கிழக்கிலங்கையில், மட்டக்களப்பில் பிறந்தவர் கே.எஸ். சிவகுமாரன். பிரமிளைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். இலங்கை வானொலியிலும் பத்திரிகைகளிலும் பணியாற்றியவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓயாமல் பத்தி எழுதினார். உலகத் திரைப்படங்களைப் பற்றி அவர் எழுதியவை 'அசையும் படிமங்கள்' என்று நூலாகவும் வந்தன.

இருவருக்கும் இடையே ஒரு கடலே கிடக்கிறது. சிவகுமாரன் அறிமுகப்படுத்துகிறவர். படத்தை எடுத்தது யார், எந்த நாட்டுக்காரர், கதை எதைப் பற்றியது, அதில் கவனிக்க வேண்டியது எது என்று பொறுமையாகச் சொல்வார். புதிதாக எழுத வந்தவரின் புத்தகத்திலும் நல்லதையே முதலில் தேடுவார். பிரமிளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவருக்குக் கலை ஆன்மிகத் தேடலுக்குச் சமம். போலி என்று பட்டால் வெட்டிவிடுவார். ஆனால் மௌனியின் கதைகளுக்கு முன்னுரை எழுதியபோது, பலருக்குப் பிடிபடாத ஓர் எழுத்தாளரின் உள்ளறைவரை வாசகரை அழைத்துப்போனவரும் அவரே. பிரமிள் ஓவியமும் வரைந்தவர், நாடகமும் எழுதியவர். ஒரு படைப்பு எந்த இடத்தில் உயிர் பெறுகிறது என்பது கைப்பழக்கத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

1970களின் தொடக்கத்தில் தமிழகம் போன பிரமிளுக்கு ஈடான எதிராளி, விமர்சகர் வெங்கட் சாமிநாதன். தில்லியில் அரசு வேலை பார்த்தபடி தெருக்கூத்து, ஓவியம், சினிமா எல்லாவற்றையும் எழுதியவர். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்தின் திரைக்கதையும் அவருடையது. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் மதித்த இருவரும் பிறகு கடுமையாகப் பகைத்தார்கள். அந்தச் சண்டைக் கட்டுரைகளில் கலை பின்னுக்குப் போய் ஆள் முன்னுக்கு வந்துவிடுகிறார். பிரமிளின் குறை அதுதான். சிவகுமாரனின் குறை வேறு: கனிவு மிகுந்து, சுமாரான படைப்பும் தப்பிவிடும்.

இருந்தும், ஒரு பத்தியைப் படித்தாலே எழுதியவர் எதை நேசிப்பவர், எதைப் பொறுக்காதவர் என்று பிரமிளிடமும் சிவகுமாரனிடமும் தெரிந்துவிடும். அது தெரிந்தால்தான் அந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் ஏற்பது என்று வாசகர் முடிவு செய்யலாம். இன்று படம் வெளியான அன்றே கைப்பேசிக்கு வந்து சேரும் நட்சத்திர மதிப்பெண்ணில் இந்த வசதி இல்லை. ஐந்துக்கு மூன்று என்கிறார்கள். கொடுத்தவரின் ரசனை என்ன என்பதற்கு விடை கிடையாது.

பிரமிள் 1997இல் தமிழகத்திலேயே மறைந்தார். சிவகுமாரன் 2022இல் போனார். திருகோணமலைப் பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் இவர்கள் இருவரின் கட்டுரைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். பொறுப்பில் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டும். மாணவர்களிடம் முதலில் சிவகுமாரனைக் கொடுங்கள். பிறகு பிரமிளைக் கொடுங்கள்.