வண்டிப்பாதை கிராமக் கணக்கில் உள்ளதா?

உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், கரும்பு ஏற்ற லாரி என்று வேளாண்மை மாறிவிட்டது. மாட்டு வண்டி போய் வந்த பாதையில்தான் இவையும் வந்தாக வேண்டும். பக்கத்து நிலம் கைமாறி, வாங்கியவர் வேலி போட்டுவிட்டால் விளைந்த பயிர் வயலிலேயே நிற்கும். அப்போது "பாட்டன் காலத்துப் பாதை" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பாதை கிராமக் கணக்கில் எப்படிப் பதிவாகியுள்ளது என்பதே முக்கியம். தகராறு வருமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

கிராம வரைபடம் ஊர் முழுவதையும் சர்வே எண்களோடு காட்டும். புலப்படம் என்பது ஒரு சர்வே எண்ணுக்கு உரிய படம். எல்லைக் கற்கள், உட்பிரிவுகள், அளவுகள் அதில் இருக்கும். ஒவ்வொரு உட்பிரிவும் பட்டா நிலமா, புறம்போக்கா, பரப்பு எவ்வளவு என்பதை 'அ' பதிவேடு கூறும். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் தமிழக அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. பாதையின் அகலம் 20 லிங்க் என்றிருந்தால் அது 13 அடிக்குச் சற்று அதிகம்.

மூன்று வகைப் பாதைகள்

முதல் வகை, தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ கொண்டு, 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட பாதை. இது பொதுச்சொத்து. இதை உழுது சேர்த்துக்கொண்டாலோ வேலியிட்டாலோ வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வழி உண்டு.

இரண்டாவது வகை, பட்டா நிலத்துக்குள் புலப்படத்தில் புள்ளிக்கோடுகளால் மட்டும் காட்டப்பட்ட பாதை. நிலம் பட்டாதாரருடையதே. ஆயினும் அளந்த காலத்தில் பாதை இருந்தது என்பதற்கு அந்தப் படம் நல்ல சான்று.

மூன்றாவது வகை, எந்தக் கணக்கிலும் ஏறாமல் வழக்கத்தால் நடப்பது. சிறு விவசாயிகளுக்குப் பெரும்பாலும் தொல்லை தருவது இதுவே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, பிறர் நிலத்தில் 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு நடந்திருந்தால் வழியுரிமை கோரலாம். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். நிலத்துக்காரரின் அனுமதி கேட்டு நடந்த காலம் இதில் சேராது. பாதையை அடைத்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும்; காலம் கடத்தினால் உரிமை போய்விடும். பாகப்பிரிவினையில் ஒரு பங்குக்கு வேறு வழியே இல்லை என்றால், மற்றப் பங்கின் வழியே செல்லும் உரிமையையும் இச்சட்டம் தருகிறது.

என்ன செய்யலாம்?

* நிலம் வாங்குமுன் பாதை எந்த வகை என்று புலப்படத்தில் பார்க்கவும். தரையில் தெரியும் தடத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

* கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் "வழி நடை பாத்தியம் உண்டு" என்று பொதுவாக எழுதுவது போதாது. எந்த சர்வே எண்ணில், எந்தத் திசையில், எத்தனை அடி அகலத்தில் என்று எழுதி, படமும் இணைத்துப் பதிவு செய்யவும்.

* பலருக்கும் பயன்படும் பாதையானால், நிலத்துக்காரர்கள் கூடிப் பேசி அந்த நிலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். அதோடு நின்றுவிடாமல், அளந்து உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் பாதை என்று மாற்றும் வரை தொடர வேண்டும்.

* 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. பழைய கணக்கில் பாதையாக இருந்தது புதியதில் பட்டாவாக மாறியிருந்தால், இரண்டு நகல்களையும் இணைத்து வருவாய்த் துறையிடம் திருத்தம் கோரலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊரின் பாதைகளைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிட்டு அங்கே தீர்மானமாக எழுதி வைக்கலாம். தீர்மானம் மட்டும் உரிமை தந்துவிடாது. பின்னால் அது சான்றாக உதவும். பாதையை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது நல்லது.