எலெக்ட்ரான் இழந்த அணுக்கருவின் ஆயுள்

கதிரியக்கத் தனிமம் ஒன்றின் அரை ஆயுட்காலம் மாறாதது என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். சூடாக்கினாலும் அழுத்தினாலும் அது மாறுவதில்லை என்பது ஆய்வுக்கூட அளவில் பெரும்பாலும் சரியே. ஆயின், அணுவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் அனைத்தையும் உரித்துவிட்டால் என்ன நிகழும்? விண்மீன்களின் உட்பகுதியில் கடும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் இயல்பாகவே கழன்றுபோகின்றன. அந்நிலையைப் புவியில் ஆராய உதவும் கருவியே சேமிப்பு வளையம்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வு மையத்தின் வளையம் ஏறத்தாழ 108 மீட்டர் சுற்றளவு உடையது. காந்தங்கள் பாதையை வளைக்க, உரிக்கப்பட்ட அணுக்கருக்கள் வெற்றிடக் குழாயினுள் நொடிக்கு ஏறத்தாழ 2 மில்லியன் முறை சுற்றிவருகின்றன. தொடக்கத்தில் அவற்றின் வேகம் சிறிது வேறுபடும். சீரான வேகமுடைய எலெக்ட்ரான் கற்றையொன்றை அவற்றுடன் ஓடவிட்டால், யாவும் அதே வேகத்தை அடைகின்றன. அதன்பின் சுற்றும் எண்ணிக்கையில் எஞ்சும் வேறுபாடு, மின்னூட்டத்திற்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தால் வருவதே. ஒரே மின்னூட்டமுடைய இரண்டில், நிறை மிகுந்தது சற்றே அகன்ற பாதையில் செல்வதால் குறைவான முறை சுற்றும். குழாயின் இருபுறமும் உள்ள தகடுகள் ஒவ்வொரு கடப்பையும் நுண்ணிய மின்குறிப்பாக உணர்கின்றன. தொடாமலேயே எடைபோடுகிறோம் எனலாம். ஒரே ஓர் அணுக்கருவின் குறிப்பையும் இவ்வாறு பிரித்தறிய முடியும். நிறையைச் சொல்லும் அதே குறிப்பு, மறையும்போது ஆயுளையும் சொல்லிவிடுகிறது. ஒளியின் வேகத்தில் பெரும்பங்கோடு விரைபவற்றின் காலம் நீண்டு தோன்றுமாதலால், ஐன்ஸ்டைனின் திருத்தத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

ரேனியம்-187 தரும் சான்று வியப்புக்குரியது. அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, ஓர் எலெக்ட்ரான் வெளியேறி ஆஸ்மியம்-187 பிறக்கிறது. இதற்குக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆகவே இயல்பான அணுவின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 42 பில்லியன் ஆண்டுகள். உரிக்கப்பட்ட கருவிலோ, பிறக்கும் எலெக்ட்ரான் வெளியேற வேண்டியதில்லை. வெறுமையாய்க் கிடக்கும் உட்கூட்டிலேயே குடியேறிவிடுகிறது. அப்பிணைப்பால் கூடுதல் ஆற்றல் கிடைக்க, மாற்றம் விரைகிறது. 1996இல் வெளியான அளவீட்டின்படி, உரிக்கப்பட்ட ரேனியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 33 ஆண்டுகள்!

இதனை அளப்பதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தாய்க்கருவும் சேய்க்கருவும் ஏறக்குறைய ஒரே நிறையும் ஒரே மின்னூட்டமும் கொண்டிருந்தமையால், குறிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சில மணி நேரம் சுற்றவிட்டபின், குறுக்கே வாயுத் தாரையொன்றைப் பாய்ச்சினர். ஆஸ்மியம் தான் பிடித்து வைத்திருந்த ஒற்றை எலெக்ட்ரானையும் அதில் இழந்தது; மின்னூட்டம் ஒன்று கூடியதால் தனியே பிரிந்து நின்றது. எளிய உத்திதான், எனினும் அதுவே அளவீட்டைக் காத்தது.

ரேனியம் ஆஸ்மியமாவதைக் கொண்டு நம் விண்மீன் மண்டலத்தின் வயதைக் கணிக்கலாம் என 1964இல் டொனால்ட் கிளேட்டன் முன்மொழிந்தார். ஆனால், பழைய விண்மீன் சிதறிய ரேனியம், புதிதாய்ப் பிறக்கும் விண்மீனுக்குள் மீண்டும் புகுவதுண்டு. அங்கே எலெக்ட்ரான்களை இழந்து, அது பன்மடங்கு விரைவாகத் தேய்கிறது. 42 பில்லியன் ஆண்டு என்னும் ஒரே எண்ணை வைத்து அக்கடிகாரத்தைப் படிக்க முடியாது. விண்மீன்களுக்குள் கழித்த காலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.