தலைக்கு வந்தது – 7: எப்போது சுற்றுகிறது?

ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவர், சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை என்று நிம்மதியாக வீடு திரும்புவார். சில நாள் கழித்து, “தலை சுத்துது டாக்டர்” என்று வந்து நிற்பார். ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே, பித்தமாக இருக்கும் என்பார்கள் வீட்டில். சென்ற வாரம் பார்த்த மூளை அதிர்ச்சி ஒரு காரணமாகலாம். உள்காது இன்னொரு காரணம். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது, படுக்கையில் புரண்டாலும் சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்றால், காதுத் துகள்களைச் சந்தேகிக்கலாம். உள்காதில் யூட்ரிக்கிள் என்ற பைக்குள் ஒட்டியிருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள், அடிபட்ட அதிர்வில் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் போய்விடுகின்றன. தலை அசைந்தால் துகள் உருள்கிறது, குழலின் திரவமும் நகர்கிறது. தலை நின்ற பிறகும், சுற்றிக்கொண்டிருப்பதாக மூளைக்குச் செய்தி போகிறது.

இவை ஸ்கேனில் தெரியாது. ஈ.என்.டி. மருத்துவர் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கண்மணிகள் துடிக்கின்றனவா என்று பார்ப்பார். டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952இல் லண்டனில் விவரித்த சோதனை இது. தலையைப் படிப்படியாகத் திருப்பியே துகளைப் பழைய இடத்தில் சேர்க்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். சில நிமிட வேலை. மாத்திரை தலைசுற்றலைத் தணிக்குமே தவிர, துகளை நகர்த்தாது. அடிபட்டு வந்த தொல்லை என்றால் இரண்டு காதிலும் இருக்கலாம், மறுபடியும் வரலாம். கழுத்தில் காயமில்லை என்று உறுதியாகும்வரை, யூடியூப் பார்த்து வீட்டில் முயலக் கூடாது.

தி.நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் மட்டும் தள்ளாடுகிறதா? அடிபட்ட காதிலிருந்து வரும் தகவல் குறைந்ததால் மூளை கண்ணையே நம்பியிருக்கலாம். எதிரே கூட்டம் அசையும்போது அதுவும் குழம்புகிறது. பெசன்ட் நகர் மணலில் பகலில் நன்றாக நடப்பவர் இருட்டியதும் தடுமாறுவதும் இதே கணக்குதான். கண்ணும் உதவாது, காலடியும் நிலைக்காது. காதும் கைவிட்டால் எதைப் பிடித்து நிற்பது?

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சிதான் முக்கிய வைத்தியம். காலண்டரின் ஒரு தேதியில் பார்வையை நிறுத்தித் தலையை இடவலமாக அசைப்பது அதில் ஒன்று. மாதக்கணக்கில் மாத்திரை போட்டுப் படுத்தே இருந்தால், மூளை ஈடுகட்டக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகும்.

அடிபட்ட பின் காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், திடீரெனக் காது கேளாமை, முகம் கோணுதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஓயாத வாந்தி, பேச்சுக் குழறல், அரைமயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் எந்தப் பக்கம் புரண்டால், எத்தனை நொடி சுற்றுகிறது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த வாரம்: அடிபட்ட பின் வாசனை தெரியாமல் போவது ஏன்?