நாவு பூட்டப்பட்ட நாட்கள்

ஐவேளைத் தொழுகையை விடாது நிறைவேற்றி வரும் உங்களுக்கும் இந்நிலை நேர்ந்திருக்கக் கூடும். ருகூஉவும் ஸுஜூதும் முறைப்படி நடைபெறுகின்றன. உள்ளமோ வறண்ட ஏரியெனக் கிடக்கின்றது. திருமறையை விரித்தால் எழுத்துகள் தெரிகின்றன. நெஞ்சில் ஈரம் ஊறவில்லை. பயான் எழுத அமர்ந்த ஆலிமுக்கும், பைத்து புனைய முனைந்த புலவருக்கும் நாட்கணக்கில் ஒரு வரியும் வருவதில்லை. அவ்வேளை பார்த்து ஷைத்தான் வருகிறான். இறைவன் உன்னைக் கைவிட்டு விட்டான், இனி எதற்கு இந்த வெறுஞ் சடங்கு என்று காதில் ஓதுகிறான். அதற்குச் செவி சாய்த்து முஸல்லாவைச் சுருட்டி வைத்துவிட்டோர் எத்தனை பேர்!

இப்பேச்சு இன்று பிறந்ததன்று. ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பெற்ற பின்னர், அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்களுக்கே வஹீ வருவது நின்று போயிற்று. அந்த இடைவெளி சில நாட்களே என்போரும், ஆண்டுக் கணக்கில் நீண்டது என்போரும் அறிஞர்களிடையே உளர். பின்னொரு சமயம், நபிகளார் உடல் நலிவுற்று இரண்டு மூன்று இரவுகள் எழுந்து தொழ இயலாதிருந்தபோது, ஒரு பெண் வந்து, உம்மிடம் வந்து கொண்டிருந்தவன் உம்மை விட்டுப் போய்விட்டான் போலும் என்று ஏளனம் செய்தாள். அதன் பின்னரே 'வள்ளுஹா' அத்தியாயம் இறங்கியதாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். இறைவன் தம் தூதரைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்று அறிவிக்கும் 11 வசனங்கள் அவை. அங்கே முற்பகலின் ஒளி மீது மட்டும் சத்தியம் செய்யப்படவில்லை. அடங்கிக் கிடக்கும் இரவின் மீதும் செய்யப்படுகின்றது. இரவையும் சாட்சிக்கு அழைத்த அந்த நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

ஹன்ழலா (ரலி) என்னும் தோழரோ, தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாகவே அஞ்சிப் புலம்பினார். நபிகளாரின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்ணெதிரே நிற்கின்றன. மனைவி மக்களிடம் திரும்பியதும் யாவும் மறந்து போகின்றன. கேட்டுக் கொண்டிருந்த அபூபக்ர் (ரலி) அவர்களும், எமக்கும் அப்படித்தான் என்றார்கள்! மனிதருக்கு ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்று நபிகளார் மும்முறை மொழிந்து தேற்றியதாக ஸஹீஹ் முஸ்லிம் கூறுகின்றது. இந்தச் சுருக்கத்தையும் விரிவையுமே பிற்காலத்து ஸூஃபியாக்கள் கப்ளு என்றும் பஸ்து என்றும் பெயரிட்டனர்.

இதனை உடலாலும் அனுபவித்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058-ல் தூஸில் பிறந்து, 1091-ல் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியரானார். 300 மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர். புகழின் உச்சியில் இருந்த அவருக்கு, ஹிஜ்ரி 488 ரஜபில், அதாவது 1095-ல், நாவு பூட்டிக் கொண்டது. மாணவர்களின் மனம் குளிரவேனும் ஒரு நாள் பாடம் நடத்தலாமென முயன்றார். ஒரு சொல்லும் எழவில்லை. துயரம் மிகுந்து, கவள உணவும் செரிக்கவில்லை. இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர். தம் போதனை இறைவனுக்காகவா, பேருக்காகவா என்னும் ஐயமே அவரை அரித்தது. காலையில் புறப்படத் துணிவார். மாலைக்குள் ஆசைகளின் படை வந்து அத்துணிவைக் கலைத்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதங்கள் இவ்வாறே கழிந்தன. 1092-ல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டதையொட்டி எழுந்த அரசியல் அச்சமே காரணம் என்பர் சில வரலாற்றாசிரியர். அவரது தன்வரலாறான 'அல்முன்கித்' நூலைப் படிப்போருக்கு அது மட்டும் போதிய விளக்கமாகத் தோன்றாது.

இமாம் அவர்கள் குடும்பத்தை உதறிவிட்டுப் போனார் என்று நம்மில் சிலர் பேசுவது பிழை. பிள்ளைகளின் உணவுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டே எஞ்சியதைப் பங்கிட்டார். திமிஷ்கின் பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவடைத்துப் பகலெல்லாம் தனித்திருந்தார், பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார், ஹஜ்ஜும் செய்தார். பிள்ளைகளின் அழைப்பே அவரைத் தாயகம் திரும்பச் செய்தது.

அந்தத் தனிமையில் ஒளி உடனே கொட்டிற்றா? இல்லை. குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவைகளும் குறுக்கிட்டன என்றும், தெளிந்த நிலை எப்போதாவதுதான் வாய்த்தது என்றும், ஆயினும் நம்பிக்கை இழவாமல் மீண்டும் மீண்டும் அதனை நாடியதாகவும் அவரே ஒப்புகிறார். இவ்வாறு பத்து ஆண்டுகள்! அரபியில் ஸப்ர் என்பதற்குப் பிடித்து நிறுத்துதல் என்றே அடிப்படைப் பொருள். கைகட்டிச் சும்மாயிருத்தலை அச்சொல் குறிப்பதில்லை. தொழுகையும் திக்ரும் நோன்பும் சுவையற்றுப் போனாலும் அவற்றில் தன்னைப் பிடித்து நிறுத்துவதே அது. வறட்சி தீர்ந்தபின் தொழலாம் என்று ஒத்திவைப்பவருக்கு, எதனால் வறட்சி தீரும்? குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிமொழி. இன்று இஷாவுக்குப் பின் ஒரு பக்கம் ஓதுங்கள். நாளையும் அதே பக்கத்தளவு போதும்.

நாவு பூட்டப்பட்ட அந்த மனிதரிடமிருந்தே, 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' பிறந்தது. அதில் ஒரு பகுதி ஸப்ரையும் ஷுக்ரையும் பற்றியது. 1106-ல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார். முன்பு பதவி தேடித் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பதவியை விடச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் எழுதினார். பின்னர் தூஸுக்குத் திரும்பி, தம் இல்லத்தருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபியாக்களுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, 1111-ல் இறையடி சேரும் வரை அங்கேயே வாழ்ந்தார்.